சுவர் மண்டகப்படி

"நல்ல காரியம் டீச்சர்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. சொல்கிறவர்கள் அந்த மூன்று வார்த்தையோடு தங்கள் பங்கு தீர்ந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். மிச்சம் யார் தலையில் என்று திரும்பிப் பார்த்தால், கையில் பிரஷ்ஷோடு நான் ஒருத்திதான் நிற்கிறேன்.

நான் பகுதிநேர ஓவிய ஆசிரியை. குடியிருப்பது பெரம்பலூரில். வாரத்தில் மூன்று அரை நாள், அரியலூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அந்த ஊர் நடுநிலைப்பள்ளிக்குப் போகிறேன். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் என்று சொன்னால் போதும். வேப்பமரம், மாடு, கொடியில் காயும் துணி எல்லாம் அங்கே ஒரே நிறம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இலைக்கு என்ன நிறம் என்று கேட்டால் பச்சை என்று கோரஸாகச் சொல்வார்கள். வரையச் சொன்னால் சாம்பல் நிறத்தைத் தேடுவார்கள். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் நாள் முழுவதும் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டித்தான் போகும். சாலைக்கு இந்தப் பக்கம் கோயில், ஊர், பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் காலனி. கோயிலிலிருந்து நேராக வருகிற சாலை, பள்ளிச் சுவரின் பாதியில் சுவரோடு சேர்ந்தே சட்டென்று வளைந்து திரும்பும். காலனிப் பிள்ளைகள் சாலையைக் கடப்பது அந்த வளைவில்தான். வேறு வழி கிடையாது. வேகத்தடை கேட்டு மனு கொடுத்தாகிவிட்டது. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த வளைவில்தான், காலனியிலிருந்து வரும் எங்கள் சத்துணவு உதவியாளருடைய மகளின் கால் போனது. போனது என்றால், கால் இருக்கிறது; பழையபடி இல்லை. வெளியூர் லாரி, நிற்காமலே போய்விட்டது. பிள்ளை ஐந்து மாதம் படுக்கையில் கிடந்து எழுந்து, இடது காலை இழுத்து இழுத்து ஏழாம் வகுப்புக்கு வந்தாள். அவள் வந்த நாளிலிருந்து அவள் அம்மா ஒரு முருங்கைக் குச்சியில் சிவப்பு ஜாக்கெட் துணியைக் கட்டிக்கொண்டு, காலையிலும் மாலையிலும் வளைவில் நிற்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் எல்லோரும் கடந்து முடிந்த பிறகுதான் அடுப்பு பற்றவைக்க வருவாள். இதுவும் எல்லோருக்கும் நல்ல காரியமாகத்தான் பட்டது. அவளுக்குப் பதிலாக ஒரு நாள் யாரும் நின்றதில்லை. நானும் நின்றதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டே அவள் என்னிடம் கேட்டாள்.

"டீச்சர், எனக்கு ஒடம்பு சரியில்லாம போனா அங்க யாரு நிப்பா?"

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. எனக்குத் தெரிந்தது வரைவது ஒன்றுதான். அப்போதுதான் அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. கோயில் பக்கமிருந்து வரும் லாரிக்காரன் கண்ணுக்கு நேர் எதிரே நிற்பது வளைவிலிருக்கும் சுவர். அதில் சீருடை போட்ட பிள்ளைகளை நிஜ உயரத்தில், சாலை ஓரத்தில் நிற்கிற மாதிரி வரைந்துவிட்டால்? எவ்வளவு அவசரத்தில் வருகிறவனும் ஒரு நொடி பிரேக்கில் காலை வைப்பான். அந்த ஒரு நொடி போதும். பெரம்பலூர் வந்து இறங்குவதற்குள் நோட்டில் படமே போட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த பஸ்ஸில் வந்ததே இல்லை.

தலைமையாசிரியைக்குப் படம் பிடித்தது. ஆனால் ஒரு கொக்கி போட்டார். "நீங்க ஒருத்தரா வரைஞ்சா அது டீச்சர் வரைஞ்ச படம். நாளைக்கே எவனாவது போஸ்டர் ஒட்டுவான். ஊரு சேர்ந்து செஞ்சாத்தான் ஊரு பாத்துக்கும்."

நியாயமான பேச்சு. அதனால் ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். எல்லோரும் நல்ல காரியம் என்றார்கள், வெற்றிலை போட்டார்கள், யாரும் ஒரு டப்பா பெயிண்ட் தருகிறேன் என்று வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. அங்கே அம்மன் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு வகையறா மண்டகப்படி. அன்றைக்குச் செலவும் அவர்களுடையது, மரியாதையும் அவர்களுடையது. வருடம் பூராவும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட மண்டகப்படி நாளில் தோளோடு தோள் நிற்பார்கள். நான் சொன்னேன், "திருவிழாவுக்கு மண்டகப்படி இருக்குல்ல, அது மாதிரி செவுத்துக்கும் வச்சுக்குவோம். ஆளுக்கு எட்டடி. உங்க எட்டடிய நீங்க வரைஞ்சு, நீங்களே பாத்துக்கணும்."

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. யாருக்கு எந்த எட்டடி என்பதில்கூடத் தகராறு வரவில்லை. திருவிழா வரிசை இருக்கிறதே, கோயில் பக்கமிருந்து அப்படியே அளந்துகொண்டு வந்தார்கள். காலனிக்குத் திருவிழாவில் மண்டகப்படி கிடையாது. "செவுத்துல அவங்களுக்கும் குடுங்க" என்று கேட்டேன். ஒருவர் எழுந்து வெற்றிலை துப்பிவிட்டு வந்தார். அப்புறம், "கடைசில குடுத்துருவோம்" என்றார் ஒருவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எத்தனை பேர் பேசிப் பேசி ஓய்ந்துபோன விஷயத்தை ஒரு படத்தை வைத்துச் சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. வாலிகண்டபுரத்துப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள் நான். என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று முடிச்சு சுமந்தவர். கடைசியில் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாததா? சேர்த்துக்கொண்டார்களே என்ற சந்தோஷத்தில், எங்கே சேர்த்தார்கள் என்று பார்க்காமல் விட்டேன்.

அளந்து முடித்தபோது காலனியின் எட்டடி, வளைவையும் தாண்டி, குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. லாரிக்காரன் அதைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை நிறுத்தி இறங்கி வரவேண்டும். வளைவில் விழுந்த எட்டடி, வரிசைப்படி ஊருக்குள் கடைசி வகையறாவுக்கு. அந்த வகையறாவில் பெரிய ஆள் ஒரு டிப்பர் லாரி முதலாளி.

முதலாளி என்றால் ஒரே ஒரு லாரிதான். திருமானூர்ப் பக்கம் வருடக்கணக்கில் கரும்பு வெட்டி, கிளீனராகப் போய், டிரைவராகி, கடைசியில் சொந்தமாக வாங்கிய லாரி. சாலைக்கு அந்தப் பக்கம், வளைவுக்கு நேர் எதிரில் அவர் ஷெட். பிள்ளையை அடித்தது அவர் வண்டி இல்லை. நல்ல மனுஷர்தான். எட்டடியில் என்ன வரைய வேண்டும் என்று நான் கொடுத்த படத்தை வாங்கி மரியாதையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சுவர் பதினைந்து நாளில் தயாரானது. நான் போய் நின்று பார்த்தேன். ஒரு வகையறா ஜல்லிக்கட்டுக் காளை வரைந்திருந்தது. ஒரு வகையறா தங்கள் பேத்தியின் காதுகுத்து போட்டோவைப் பார்த்து, தாய்மாமன் மீசை உட்பட வரைந்திருந்தது. எல்லா எட்டடியிலும் படத்தைவிடப் பெரிதாக "உபயம்". பக்கத்துக்காரன் படம் தன் படத்துக்குள் வந்துவிடக் கூடாதென்று இரண்டு எட்டடிக்கும் நடுவில் நாலு விரல் கனத்துக்குக் கறுப்புக் கோடு. வயலில் வரப்புக்குச் சண்டை போடுகிறவர்கள் சுவரில் மட்டும் சும்மா விடுவார்களா? அரை அடி தள்ளிக் கோடு போட்டதாக ஒரு பஞ்சாயத்துகூட நடந்ததாம்.

வளைவில், பிள்ளைகள் நிற்கவேண்டிய இடத்தில், ஒரு லாரி நின்றது. அரியலூரிலிருந்து லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆர்ட்டிஸ்டை வரவழைத்து வரைந்தது. ஆயுத பூஜை மாலை, சந்தனம், குங்குமம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம். வயிறு எரிந்தாலும் பொய் சொல்லக் கூடாது, நல்ல வேலை. பம்பரில் வெயில் பட்டுத் தெறிப்பதைக்கூட விடாமல் வரைந்திருந்தான்.

"இங்க புள்ளைங்க நிக்கணும்னு சொன்னேன்லங்க" என்றேன்.

"என் புள்ளைங்க மாதிரித்தான் டீச்சர் இதுவும்" என்றார் அவர். கேலி இல்லை, மனதாரச் சொன்னார்.

தலைமையாசிரியையிடம் போய்க் கத்தினேன். "ஊரே சேர்ந்து செஞ்சிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். சுவரை எல்லோரும் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அவரவர் எட்டடியை மட்டும்.

ஒரே ஒரு இடத்தில் நான் போட்டுக்கொடுத்த படம் அப்படியே இருந்தது. குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால். பதினோரு பிள்ளைகள், சீருடையில், பையோடு, வரிசையாக. காலனிப் பெண்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்திருந்தார்கள். கையும் காலும் கோணல்மாணலாக இருந்தாலும் ஒவ்வொன்றும் இன்னார் பிள்ளை என்று சொல்லிவிடலாம். அந்தப் படம் தேவைப்பட்டவர்கள் மட்டும்தான் அதைப் புரிந்துகொண்டு வரைந்தார்கள். வரைந்த இடத்தில் அதைப் பார்க்க வருவது குழாயடிக்கு வரும் ஆடு மட்டும்.

இரண்டு மாதத்தில் புழுதி எல்லாவற்றையும் மூடியது. காளை போனது, தாய்மாமன் மீசை போனது, உபயம் போனது. பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன வகையறாக்கள் திருவிழா முடிந்த மறுநாள் பந்தலைப் பார்ப்பது போலச் சுவரைப் பார்த்தார்கள். லாரி மட்டும் பளபளவென்று இருந்தது. முதலாளி தினமும் காலையில் ஷெட்டில் தன் டிப்பரைக் கழுவி முடித்துவிட்டு, அந்தத் தண்ணீர் ஓஸை அப்படியே சாலையின் குறுக்கே இழுத்துவந்து சுவர் லாரியையும் கழுவுவார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஏறியது. என் யோசனையின்படி நடந்துகொண்ட ஒரே மனுஷர் அவர்தான் என்பது இன்னும் ஆத்திரம். இனிமேல் இந்த ஊரில் நோட்டில் ஆப்பிள் வரைவதோடு சரி என்று முடிவு செய்தேன்.

அன்றைக்குச் சத்துணவுக் கூடத்தில் பிள்ளையின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், லாரி மட்டும் பளிச்சுனு இருக்கு பாத்தீங்களா? தினம் கழுவுறாரு."

"பாத்தேன். அத ஏன் கேக்குற."

"அந்த லாரிக்கு முன்னாடி எம்பொண்ண வரைஞ்சு குடுங்களேன். லாரியோட சேத்து அவளையும் கழுவிருவாரு."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மிகச் சாதாரணமாகச் சொன்னாள். நான் மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வளைவில் நின்றபடி யோசித்திருக்கிறாள்.

முதலாளி திருமானூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த சனிக்கிழமை காலையில் வரைந்தோம். பிள்ளை சுவரோரமாக நின்றாள். அவள் அம்மா சிவப்புத் துணியோடு சாலையில் நின்றாள். கால் வரைய வேண்டிய இடம் வந்ததும் நான் பிரஷ்ஷை நிறுத்தினேன். பழைய காலை வரைவதா, இப்போதைய காலையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்கே புரிந்துவிட்டது.

"ஓடுற மாதிரி வரையாதீங்க டீச்சர். நிக்குற மாதிரி வரைங்க. நின்னா ரெண்டு காலும் ஒண்ணாத்தான் இருக்கும்."

அப்படியே வரைந்தேன். லாரியின் பம்பருக்கு முன்னால், ஒரு கையைத் தூக்கி வண்டியை நிறுத்துகிற மாதிரி. கண்ணை மட்டும் மூன்று முறை அழித்து அழித்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே ஒழுங்கான படம் அதுதான்.

அடுத்த முறை நானும் பிள்ளையின் அம்மாவும் வளைவுக்குப் போனபோது முதலாளி சுவர் முன்னால் ஓஸோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கத்தினார். "யாரக் கேட்டு எம் லாரி மேல கை வச்சீங்க?"

"லாரி மேல வைக்கலீங்க, லாரிக்கு முன்னாடிதான்" என்றேன். எனக்கும் வாய்க்கொழுப்பு கொஞ்சம் உண்டு.

அவள் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "கேக்கல அண்ணே. கேட்டா குடுத்திருப்பீங்களா?" அவரை அவள் அண்ணே என்று கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை. எப்போதும் தலையைக் குனிந்துகொண்டு ஏங்க என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவர் கிட்டே போய்ப் படத்தைப் பார்த்தார். அழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். "ஆனா ஒண்ணு. எம் பங்கத்தான் நான் கழுவுவேன். இது எம் பங்கு இல்ல."

சொன்னபடியே செய்தார். மறுநாளிலிருந்து ஓஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் மேல் ஒரு சொட்டு படாமல் சுற்றிச் சுற்றிக் கழுவினார். எதிரியாக இருந்தாலும் அந்த நிதானத்தை மெச்சத்தான் வேண்டும். ஒரே மாதத்தில் லாரி இன்னும் பளபளத்தது. அதற்கு முன்னால் பிள்ளை தலையிலிருந்து கால் வரை சாம்பல் பூசிக்கொண்டு நின்றாள். தூக்கிய கை, ரிப்பன், சீருடை எல்லாம் ஒரே புழுதி.

பங்கு பங்கு என்று நான்தானே கற்றுக்கொடுத்தேன். கோபத்தை யாரிடம் காட்ட? ஒரு காலையில் தாங்க முடியாமல் சத்துணவுக் கூடத்து வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தேங்காய் நார் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வளைவுக்குக் கிளம்பினேன். யார் பங்காக இருந்தால் என்ன, நான் கழுவுகிறேன் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன்.

கோயில் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. புது டிரைவர், சத்தத்திலேயே வேகம் தெரிந்தது. காலனிப் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. சிவப்புத் துணியும் சாலைக்கு ஏறவில்லை, அவள் அப்போதுதான் காலனிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். லாரி வளைவை நெருங்கியது. பிரேக் கிறீச்சிட்டது. கல் லோடு குலுங்கி, வண்டி சாலை நடுவில் நின்றுவிட்டது.

டிரைவர் குதித்து இறங்கி ஓடிவந்தான். சுவருக்கு முன்னால் வந்து நின்று, படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

"ஏங்க, பாப்பா ஒண்ணு நிக்குதுன்னு உசுரே போயிருச்சுங்க. பின்னாடி லாரி படம்னு தெரியுது. அந்தப் புள்ளை மட்டும் புழுதியோட, நெசமாவே நிக்குற மாதிரி இருந்துச்சு."

அவன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வண்டியை மெதுவாக எடுத்துக்கொண்டு போனான். எதிரே ஷெட்டில் முதலாளி ஓஸைக் கையில் பிடித்தபடி நின்றார். தண்ணீர் அவர் காலடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நான் வாளியைத் தூக்கினேன். அவள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுவாதீங்க டீச்சர்."

"ஏய், உம்பொண்ணு. அவரு வீம்புக்கு இப்படி விட்டு வச்சிருக்காரு. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"தெரியும் டீச்சர். தெரிஞ்சுதான் சொல்றேன்." பிடியை விடவில்லை. "பளிச்சுனு இருந்தா படம்னு தெரிஞ்சுரும். போயிருவானுங்க."

அவள் மகள் அதற்குள் சாலையைக் கடந்து வந்திருந்தாள். தலையிலும் பையிலும் காலைப் புழுதி. சுவரில் இருந்தவளையும் தன்னையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "தினமும் நான் இப்படித்தான் டீச்சர் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பள்ளி கேட்டுக்குள் போனாள்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. நான் நினைத்த படம் இது இல்லை. ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு பிள்ளையை அழுக்காக விட்டுவைத்து, அந்த அழுக்கால் மற்றப் பிள்ளைகள் பிழைப்பதை நான் எந்த வாயால் நல்ல காரியம் என்று சொல்ல?

"அப்ப இந்தத் தண்ணிய என்னதான் பண்ணச் சொல்ற?" என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

அவள் முகவாயால் குடிநீர்த் தொட்டியைக் காட்டினாள். "அங்க பதினோரு பேரு நிக்குறாங்கல்ல."

போனேன். தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து நாரை நனைத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. நாலாவது முகத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மறுபடியும் போய்ப் பிடித்துவர வேண்டும். யாராவது ஒரு வாளி கொண்டுவருவார்களா என்று பார்த்தேன், யாரும் வரவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் அடுத்த லாரி வளைவுக்கு வந்து வேகம் குறைகிற சத்தம் கேட்டது. படத்தைப் பார்த்துக் குறைத்தானா, சிவப்புத் துணியைப் பார்த்துக் குறைத்தானா என்று எட்டிப் பார்க்கவில்லை. காலி வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.